65 வாட் லேப்டாப்புக்கு 90 வாட் அடாப்டர் மாட்டலாமா?

திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்:

"தம்பி, எங்கள் வீட்டில் மூன்று லேப்டாப் இருக்கிறது. என்னுடையது பழைய டெல், அடாப்டரில் 65 வாட் என்று போட்டிருக்கிறது. மகனுடையதும் டெல்தான், கொஞ்சம் பெரியது, 90 வாட். லேப்டாப்பில் செருகுகிற பின் இரண்டிலும் ஒன்றே என்பதால் கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொள்வோம். போன வாரம் என் அடாப்டரின் ஒயர் அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் நைந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, 'மகனோட 90 வாட்டைப் போட்டீங்கன்னா போர்டு எரிஞ்சிடும், பேட்டரி உப்பிடும்' என்று சொல்லி 450 ரூபாய்க்கு ஒரு அடாப்டர் கொடுத்தார்கள். அதை மாட்டினால் ஆன் ஆகும்போதே இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கை வருகிறது. லேப்டாப் ஓடுகிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை, ஒரு ஃபைல் திறக்கவே காத்திருக்க வேண்டியிருக்கிறது. திரும்பப் போய்ச் சொன்னால் மதர்போர்டு போயிருக்கும் என்கிறார்கள். உண்மையா? என் 65 வாட்டை மகன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டிருந்தோமே, அது தப்பா? மகளுடைய லேப்டாப் டைப்-சி, அதற்கு போன் சார்ஜரே போதும் என்கிறாள், போதுமா?"

டீச்சர், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மதர்போர்டு மாற்ற இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் போர்டைவிட, புதிதாக வாங்கிய அந்த 450 ரூபாய் அடாப்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதைச் சோதிக்கிற கருவியும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகனுடைய 90 வாட் ஒரிஜினல் அடாப்டரை உங்கள் லேப்டாப்பில் மாட்டுங்கள். எச்சரிக்கை வராமல் சார்ஜ் ஏறினால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

எரிந்துவிடுமே என்று பயப்படாதீர்கள், எரியாது. அடாப்டர் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்கள். இன்புட், அவுட்புட் என்று இரண்டு வரி இருக்கும். இன்புட் வரியில் 100–240 வோல்ட் என்று இருப்பது சுவர் பக்கத்துக் கணக்கு, அதைப் படித்துவிட்டுக் குழம்பி வருகிறவர்கள் நிறைய, அதை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது அவுட்புட் வரி. டெல் 65 வாட்டில் 19.5 வோல்ட், 3.34 ஆம்ப் என்று இருக்கும். 90 வாட்டில் 19.5 வோல்ட், 4.62 ஆம்ப். வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வருவதுதான் வாட். கவனித்தீர்களா, வோல்ட் இரண்டிலும் ஒன்றே, மாறுவது ஆம்ப் மட்டும்தான். அந்த ஆம்ப் எண், அடாப்டர் அதிகபட்சமாக எவ்வளவு கொடுக்க முடியும் என்ற எல்லை. அவ்வளவையும் அது லேப்டாப்புக்குள் தள்ளிவிடுவதில்லை. எவ்வளவு இழுப்பது என்பதை லேப்டாப்தான் தீர்மானிக்கிறது. சமையலறையில் 750 வாட் மிக்ஸி ஓடுகிற பிளக்கில் ராத்திரி போடுகிற 5 வாட் பல்பை மாட்டினால் பல்பு வெடித்துவிடுகிறதா? இல்லையே, அது தனக்கு வேண்டிய 5 வாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இங்கேயும் கணக்கு அதேதான்.

பேட்டரி உப்புவதற்கும் அடாப்டர் வாட்டுக்கும் சம்பந்தமில்லை. அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம் நேரே பேட்டரிக்குப் போவதில்லை, நடுவில் போர்டில் சார்ஜிங் ஐசி என்ற சின்ன சிப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட், எந்த வோல்ட் வரை என்பதை அதுதான் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறது. 90 வாட் மாட்டினாலும் 130 வாட் மாட்டினாலும் அந்த ஐசி கொடுக்கிற அளவு மாறாது. அதனால் பெரிய அடாப்டர் போட்டால் சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்று சிலர் சொல்வதும் பெரும்பாலும் நடக்காது. 45 வாட்டோடு விற்று, 65 வாட் போட்டால் வேகமாக ஏறும்படி வடிவமைத்த சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. ஆப்பிள் நிறுவனமே தன் மேக்புக்குகளுக்குக் கூடுதல் வாட் அடாப்டரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றுதான் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறது. இன்னும் சொல்லப்போனால் பெரிய அடாப்டர் தன் முழு பலத்தில் ஓட வேண்டியதில்லை என்பதால் சூடு குறைவாகவே இருக்கும். பேட்டரி உப்புவது வயதாலும், வெயிலாலும், எந்நேரமும் பிளக்கில் மாட்டி 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதாலும்தான். உங்கள் லேப்டாப் நாள் முழுக்க மேசையிலேயே பிளக்கில் இருக்கிறதென்றால், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அதன் பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கிற அமைப்புப் பக்கம்) இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அந்த எச்சரிக்கைக்கு வருவோம். நீங்கள் அதை எழுதி அனுப்பவில்லை, ஆனால் அறிகுறிகள் எல்லாம் ஒன்றையே காட்டுகின்றன. அடாப்டரின் வாட்டும் வகையும் தெரியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம், கிடைக்கிற மின்சாரத்துக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று டெல் சொல்கிற வாசகம் அது. டெல் அடாப்டரின் பின்னை உற்றுப் பாருங்கள், குழலுக்கு நடுவில் மெல்லிய ஊசி ஒன்று நிற்கும். மின்சாரம் போவது அந்த ஊசி வழியாக இல்லை, தகவல்தான் போகிறது. ஒரிஜினல் அடாப்டருக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, 'நான் டெல், 65 வாட்' என்ற செய்தியை அந்த ஊசி வழியாக லேப்டாப் படித்துக்கொள்கிறது. மலிவு அடாப்டரில் அந்த சிப் இருக்காது, அல்லது இருந்தும் சரியாகப் பேசாது. என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாதபோது லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது: பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதை நிறுத்துகிறது, பிராசஸரையும் அடக்கிவிடுகிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு (பிராசஸர்) வேகத்தைப் பாருங்கள், 0.79 ஜிகாஹெர்ட்ஸ் மாதிரி ஏதாவது ஒரு குறைந்த எண்ணில் அசையாமல் நின்றால் இதுதான் காரணம். ஃபைல் திறக்கக் காத்திருப்பதும் சார்ஜ் ஏறாததும் தனித்தனி நோய் இல்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

இதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. சர்வீஸ் மேசைக்கு வருகிற டெல் லேப்டாப்புகளில் 'போர்டு போயிடுச்சுன்னு சொன்னாங்க' என்று கொண்டுவரப்படுபவற்றில் எத்தனையோ இந்த ஊசி சமாசாரமாகவே முடிந்திருக்கின்றன. ஊசி வளைந்திருக்கும், அல்லது அதற்குப் போகிற மயிரிழைக் கம்பி ஒயருக்குள் அறுந்திருக்கும், அல்லது லேப்டாப் பக்கத்து ஜாக், அதாவது பின்னைச் செருகுகிற ஓட்டை, தளர்ந்திருக்கும். பல டெல் மாடல்களில் அந்த ஜாக் போர்டோடு ஒட்டியதில்லை, ஒயரோடு தனியாகக் கழற்றி மாட்டுகிற சின்ன பாகம், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதைப் பார்க்காமலேயே ஆயிரக்கணக்கில் போர்டுக்கு விலை சொல்வது நியாயமே இல்லை. ஆகவே வரிசை இதுதான்: முதலில் நல்ல ஒரிஜினல் அடாப்டரை மாட்டிப் பார்க்க வேண்டும், அதிலும் எச்சரிக்கை வந்தால் ஜாக், ஜாக்கை மாற்றியும் சரியாகவில்லை என்றால் அதற்கப்புறம்தான் போர்டு. லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனால் பேட்டரித் தகவல் பக்கத்தில் அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்பே சொல்லும். 65 அல்லது 90 என்று எண் வந்தால் சிப்பைப் படித்துவிட்டது, தெரியவில்லை என்று வந்தால் படிக்கவில்லை.

இப்போது தலைகீழ் கேள்வி, 65 வாட்டை மகனின் 90 வாட் லேப்டாப்பில் போடுவது. டெல்லில் இதனால் ஆபத்து எதுவும் இல்லை, ஏனென்றால் சிப்பைப் படித்து 'இது சின்னது' என்று லேப்டாப்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை காட்டும், மெதுவாகச் சார்ஜ் ஏற்றும், கனமான வேலை நடக்கும்போது வேகத்தைக் குறைக்கும், சில நேரம் பிளக்கில் இருக்கும்போதே பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் செய்யும். ஒன்றிரண்டு நாள் சமாளிக்கலாம். லேப்டாப்பை ஷட் டவுன் செய்துவிட்டுச் சார்ஜ் போட்டால் இன்னும் நல்லது, அப்போது பேட்டரிக்கு மட்டும்தானே மின்சாரம் போகிறது. தினமும் ஆபீஸ் வேலை செய்கிறவருக்கு அதையே பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் டெல்லுக்குச் சொன்னதை எல்லா லேப்டாப்புக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹெச்பியும் நடு ஊசி வைத்திருக்கிறது, லெனோவோவின் செவ்வகப் பின்னிலும் வாட்டைத் தெரிவிக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. ஏசர், ஆசுஸ் பழைய மாடல்கள் பலவற்றில் பிளஸ், மைனஸ் என்று இரண்டே கம்பிதான், எத்தனை வாட் மாட்டியிருக்கிறது என்று லேப்டாப்புக்குத் தெரிய வழியே இல்லை. 90 வாட் கேட்கிற அந்த மாதிரி லேப்டாப்பில் 45 வாட்டைப் போட்டால் அது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அடாப்டர் நல்லதாக இருந்தால் லோடு தாங்காமல் தானே கட் ஆகி, மறுபடி ஆன் ஆகி, மறுபடி கட் ஆகும். அடாப்டர் விளக்கு மினுக்குவதும் சார்ஜிங் அடையாளம் வந்து வந்து போவதும் அதனால்தான். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத மலிவு அடாப்டர் கட் ஆகாது, கை வைக்க முடியாதபடி சூடாகிக்கொண்டே போகும். மெத்தை மேலோ போர்வைக்குள்ளோ அந்த நிலையில் கிடந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட்டவுடன் கையை எடுக்க வைக்கிற சூடு இயல்பில்லை, உடனே கழற்றிவிடுங்கள்.

வாட்டில் இவ்வளவு தாராளம் காட்டுகிற நான் வோல்ட்டில் காட்ட மாட்டேன். நோட்டுப்புத்தக அளவு லேப்டாப்புகள் எல்லாம் ஏன் 19, 19.5, 20 என்றே சுற்றி வருகின்றன தெரியுமா? நான்கு செல் வரிசையாக இருக்கும் பேட்டரி முழுதாக ஏறும்போது 16.8 வோல்ட், அதை ஏற்ற அதைவிடக் கொஞ்சம் மேலே வேண்டும், அதனால்தான். ஆகவே 19-க்கும் 19.5-க்கும் உள்ள அரை வோல்ட்டில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் உருண்டைப் பின் வைத்த அடாப்டர் எத்தனை இருக்கிறது பாருங்கள்: மோடத்துக்கு 12 வோல்ட், கேமராவுக்கு 12 வோல்ட், தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினுக்கு 24 வோல்ட். பின் உள்ளே போகிறதே என்று 12 வோல்ட்டை மாட்டினால் பொதுவாகச் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். 24 வோல்ட்டை மாட்டினால் போர்டின் நுழைவாயிலில் இருக்கும் பாகங்கள் போகலாம், அப்போது நிஜமாகவே போர்டு செலவு. பின் பொருந்துவது எதற்கும் உத்தரவாதமில்லை. டெல், ஹெச்பி இரண்டின் பழைய தடித்த பின்னும் ஒரே அளவு, புதிய மெல்லிய பின்னும் ஒரே அளவு, ஆனால் ஊசி வழியாகப் பேசுகிற மொழி வேறு, மாற்றி மாட்டினால் உங்களுக்கு வந்த அதே எச்சரிக்கைதான் வரும். ஒவ்வொரு அடாப்டரிலும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி யாருடையது என்று எழுதிவையுங்கள்.

மகளின் டைப்-சி கதை வேறு. இதில் மாற்றி மாட்டுவதற்காகவே முறை வகுத்திருக்கிறார்கள். மாட்டியதும் முதலில் வெறும் 5 வோல்ட்தான் வரும். சார்ஜர் தன்னால் முடிந்ததை எல்லாம் சொல்லும், 5, 9, 15, 20 என்று. லேப்டாப் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். கேட்காமல் 20 வோல்ட் வராது என்பதால் 100 வாட் லேப்டாப் சார்ஜரைக்கூட போனில் மாட்டலாம். ஐரோப்பிய ஒன்றியம் லேப்டாப்புகளுக்கும் இதைக் கட்டாயமாக்கி, 2026 ஏப்ரல் 28-ஐ நாளாகக் குறித்தது. ஆனால் போன் சார்ஜர் லேப்டாப்புக்குப் போதுமா என்றால், ஸ்டிக்கரில் 20 வோல்ட் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 65 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும் சில போன் சார்ஜர்கள் அந்த 65-ஐத் தங்கள் பிராண்டு போனுக்கு மட்டும், 10 வோல்ட் 6.5 ஆம்ப் என்ற தனிக் கணக்கில் கொடுக்கும். லேப்டாப்பில் மாட்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம், அல்லது சார்ஜே ஏறாது. கெடுதல் இல்லை, பிரயோஜனமும் இல்லை. மகள் லேப்டாப் 65 வாட் என்றால் 20 வோல்ட் 3.25 ஆம்ப் என்று எழுதியிருப்பதை வாங்கச் சொல்லுங்கள். கேபிளையும் பார்க்க வேண்டும், சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்ப் வரைதான், அதாவது 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்ப் கேபிள் வேண்டும், அதற்குள் ஒரு அடையாள சிப் இருக்கும். போனோடு வந்த கேபிளை மாட்டிவிட்டு சார்ஜர் சரியில்லை என்று திட்டுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, எல்லா டைப்-சி ஓட்டையும் சார்ஜ் வாங்காது, சில லேப்டாப்பில் அது தகவலுக்கு மட்டும்.

கடைசியாக, உங்கள் நைந்த அடாப்டர். இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம், உள்ளே பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றன் மேல் ஒன்று சுற்றிய ஒயர் அது, நைந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டால் தீப்பொறி வரும். ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். அடாப்டர் பெட்டி நன்றாக இருந்தால் பின்னோடு சேர்ந்த ஒயரை மட்டும் மாற்றித் தருவார்கள், புதியதை வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவு. கொடுக்கும்போது 'மூணு கம்பி ஒயர்தானே போடுவீங்க?' என்று கேளுங்கள். இரண்டு கம்பி ஒயரைப் போட்டால் ஊசிக்கு இணைப்பு இருக்காது, ஒரிஜினல் அடாப்டரே தன்னை யாரென்று சொல்ல முடியாமல் போய்விடும்.

அது முடியாது என்றால் புதிதாக வாங்குங்கள், டெல் 65 வாட் அல்லது 90 வாட், எது நல்ல விலைக்கு வந்தாலும் சரி. 90 வாங்கினால் அவசரத்துக்கு மகனுக்கும் ஆகும் என்பதால் நான் 90-ஐத்தான் சொல்வேன். ஸ்டிக்கரில் இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஐஎஸ் 13252 போன்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு எந்த நிறுவனத்துடையது என்று சரிபார்க்கலாம். கையில் எடுத்தால் காற்றுப் பெட்டியாக லேசாக இருப்பதை வாங்காதீர்கள். சுவர் ஒயர் மூன்று பின் உள்ளதாகவே இருக்கட்டும், அதை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகாதீர்கள். எர்த் இல்லாமல் ஓட்டும்போதுதான் லேப்டாப்பின் உலோக மேல்பகுதியில் கை வைத்தால் சுருக் சுருக்கென்று கூசும்.

450 ரூபாய் அடாப்டரைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். போகும்போது லேப்டாப்பையும் மகனின் அடாப்டரையும் எடுத்துப்போய், இதில் சார்ஜ் ஏறுகிறது, நீங்கள் கொடுத்ததில் ஏறவில்லை என்று அவர்கள் கண்முன்னே காட்டுங்கள். மதர்போர்டு பேச்சு அங்கேயே நின்றுவிடும். வேறு அடாப்டர் தருகிறேன் என்றால் மேசையிலேயே மாட்டி, எஃப்2 அழுத்தி, பயாஸில் வாட் எண் வருகிறதா என்று பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் டீச்சர், கேட்பதில் தப்பே இல்லை.